ஏழாம் எண் கோப்பில் நான்கு ‘இல்லை’

மார்ச் 4

சிவப்புப் பேனாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒருத்தர் சொல்வது ஒருத்தர் காதில் ஏறுவதில்லை, இனிமேல் கடிதம் எழுதித் தொலையுங்கள் என்று உன் அண்ணன் ஜனவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கும் அது நல்லதாகத்தான் படுகிறது. எழுதினால் நீ நடுவில் புகுந்து வாக்கியத்தைத் திருத்த முடியாதே! ஹாஸ்டலிலிருந்து அண்ணன் எழுதிய கடிதத்தையே பிழை திருத்தித் திருப்பி அனுப்பிய மகராசி நீ. அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தலைமை அலுவலகத்தின் தர ஆய்வு அறிக்கை வந்தது. எங்கள் நன்னடத்தைக் கண்காணிப்புக் கிளையிலிருந்து பத்துக் கோப்புகள் கேட்டீர்கள். அதிகாரி பெயர், ஊர் பெயர் எல்லாம் மறைத்து எண் மட்டும் போட்டு அனுப்பினோம். அதில் மூன்று என்னுடையவை. இரண்டுக்கு நல்ல மதிப்பெண். ஏழாம் எண்ணுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

ஏழாம் எண் ஒரு வெல்டர். ஒரு தகராறில் கம்பியால் ஒருத்தரை அடித்து, அவருக்கு ஒரு கண் போய்விட்டது. இரண்டு வருஷம் சிறையில் இருந்துவிட்டு, மீதிப் பதினான்கு மாதத்தை என் கண்காணிப்பில் வெளியே கழிக்கிறார். படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, உனக்குத் தெரியும்: ‘அலுவலகத்துக்கு வந்தாரா? ஆம் / இல்லை.’ நான்கு முறை அவர் வரவில்லை. ‘இல்லை’ என்று நான்கு முறை போட்டேன். கீழே குறிப்பில், அதே நாளில் பட்டறைக்குப் போய் அவரைப் பார்த்தேன் என்று நேரத்தோடு எழுதினேன். உங்கள் புண்ணியவான் குறிப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். ‘காரணமின்றித் தொடர்ந்து நான்கு முறை வரவில்லை. அதிகாரி நடவடிக்கை எடுக்கவில்லை. நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்படுகிறது.’ அவ்வளவுதான். நீதிமன்றம் ஆமாம் என்றால் அந்த மனிதர் பதினான்கு மாதமும் உள்ளே போக வேண்டியதுதான்.

ஒவ்வொரு ‘இல்லை’க்குக் கீழேயும் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டிருக்கிறது. கை நடுங்காமல் எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்கள்! உன் பிரிவில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவர் யார் என்று எனக்குக் கொஞ்சம் சொல்லேன்.

அண்ணன் சௌக்கியம். கோபமாக இருந்தாலும் உன் உடம்பை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அண்ணி

•

மார்ச் 11

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. நான் நலம். அண்ணனிடம் சொல்லவும்.

தர ஆய்வில் யார் எந்தக் கோப்பைப் பார்த்தார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது. இது விதி. நீங்கள் கேட்டதற்கு அதனால் பதில் எழுத முடியவில்லை.

ஆனால் அந்த ‘ஆம் / இல்லை’ கட்டம் ஏன் வந்தது என்று எழுதலாம். நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து எங்களைத் திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கிளையில் ஒருவர் கோப்பில் இருபத்திரண்டு வாரமும் ‘வெளியில் சந்தித்தேன், நலமாக இருக்கிறார்’ என்று எழுதியிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது. உண்மையில் அந்த ஆளை அதிகாரி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்த ஆள் இருபத்தோராவது வாரம் தன் பழைய மனைவி வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போனான். விசாரணைக்கு அந்த வீட்டுக்குப் போனது நான். அந்தப் பெண் கதவை முழுசாகத் திறக்கவில்லை. சங்கிலி போட்ட கதவு இடுக்கு வழியாக, ‘யாராவது அவனைப் பாத்துட்டு இருப்பாங்கன்னு சொன்னீங்களே’ என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை எழுதினேன். ‘அலுவலகத்துக்கு வந்தாரா? ஆம் / இல்லை.’ வெளியில் சந்தித்தால் கணக்கில் சேராது, தகுந்த காரணம் எழுதியிருந்தால் ஒழிய.

அந்தக் கட்டத்தைப் போட்டது நான்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

காரணம் எழுதியிருந்தால் ஏழாம் எண்ணுக்கு இந்தக் கதி வந்திருக்காது. பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் ஒரு வரி காரணம் எழுத மறந்தாரா என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் நாத்தனார்

•

மார்ச் 17

சிவப்புப் பேனாவுக்கு,

நீதான்.

மழுப்பாதே. உன் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. விடைக்குக் கீழே இரட்டைக் கோடு, இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரே இடைவெளி. போன வாரம் உன் அண்ணனிடம் ஏணி போடச் சொல்லி எடுத்துப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டு, “அய்யோ, இவளா?” என்று சொல்லிவிட்டு ஏணியோடு நழுவிவிட்டார். மனுஷன் இதுவரைக்கும் நாம் இரண்டு பேரும் சண்டை போட்டால் எந்தப் பக்கமும் பேசினதில்லை, இப்போதும் பேசவில்லை.

சரி, நீ தெரிந்து செய்யவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்த தாள், பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அது என்னுடையது என்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சங்கிலிக் கதவுக் கதையையும் ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் நீ அதை எங்களிடம் சொன்னதே இல்லையே? அந்தக் கட்டத்தை இனிமேல் திட்ட மாட்டேன், உன்னைத்தான் திட்டுவேன்.

நேற்று நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. ஏப்ரல் 22 விசாரணை. வெல்டர் கையில் கொடுக்க நானே பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு கேட்டுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். “நான் என்ன மேடம் தப்புப் பண்ணினேன்? நீங்க வரச் சொன்ன இடத்துலதானே நின்னேன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். சந்தேகமாகக் கேட்டார், ஏதோ தான் மறந்துபோன தப்பு ஒன்று இருக்கும் என்கிற மாதிரி. பட்டறைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் கேட் முடிய இன்னும் ஆறு வாரம் ஆகும், அதுவரைக்கும் ஆளை விடுவார்களா என்றார்.

அவருக்கு நாலு வயசில் ஒரு மகள். அவர் உள்ளே இருந்தபோது பேச ஆரம்பித்தவள். இப்போதுதான் அவரை அப்பா என்று கூப்பிடுகிறாள். அதற்கு முன்னால் ‘வீட்டுக்கு வந்த மாமா’.

காரணம் எழுத மறந்தேனா என்று கேட்கிறாய். நான் மறப்பேனா? நான் எழுதவில்லை.

அண்ணி

•

மார்ச் 23

அன்புள்ள அண்ணி,

ஆமாம். நான்தான்.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது. விதியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒளிந்துகொண்டு உங்களுக்கே பாடம் வேறு நடத்தினேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு இரண்டு நாள் என் முகத்தை எனக்கே பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது ஒரு அதிகாரியாக இல்லாமல் உங்கள் நாத்தனாராக இரண்டு கேள்வி.

மற்ற கிளைகளில் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வெளியில் பார்த்தாலும் ‘ஆம்’ என்று போட்டுவிடுகிறார்கள். நாங்கள் எங்கே போய்ச் சரிபார்க்கப் போகிறோம்? நீங்களும் ‘ஆம்’ என்று போட்டிருந்தால் ஏழாம் எண்ணுக்குத் தொண்ணூறு கொடுத்திருப்பேன். மற்றப் பக்கங்கள் எல்லாம் அப்படி இருந்தன. அவருடைய கோபம் எதில் கிளம்புகிறது, எதில் தணிகிறது, எந்த முதலாளியிடம் வேலை செய்தால் வாக்குவாதம் வரும் என்று நீங்கள் எழுதியிருந்த பக்கத்தைப் படித்தபோது, யாரோ தெரியாத அந்த அதிகாரிக்கு எழுந்து நின்று கை கொடுக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த பக்கத்தில் நான்கு ‘இல்லை’. எனக்கு வந்த ஆத்திரம் அதனால்தான் அதிகம். இவ்வளவு நன்றாக வேலை தெரிந்தவர் இப்படி அலட்சியமாக இருக்கலாமா என்று. இரட்டைக் கோடு அந்த ஆத்திரத்தில் போட்டது.

ஏன் ‘ஆம்’ என்று போடவில்லை? காரணம் ஏன் எழுதவில்லை?

பதில் சொல்ல முடியாதது என்றால் சொல்ல வேண்டாம். ஆனால் 22-ஆம் தேதிக்குள் எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும். வெறும் கையோடு நான் எதையும் மாற்ற முடியாது.

உங்கள் நாத்தனார்

•

மார்ச் 29

என் சிவப்புப் பேனாவே,

மன்னிப்பெல்லாம் எதற்கு? இரண்டு நாள் முகம் பிடிக்கவில்லை என்றாயே, அதுவே போதும். அண்ணனிடம் படித்துக் காட்டினேன். “என் தங்கச்சி மன்னிப்புக் கேட்டாளா? தேதி குறிச்சு வை” என்றார்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ‘அலுவலகத்துக்கு வந்தாரா?’ என்று கேட்டிருக்கிறாய். வரவில்லை. இல்லை என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

இரண்டாவதைச் சொல்கிறேன். சொல்வதற்கு முன்னால் ஒரு நிபந்தனை: இது உன் கண்ணோடு நிற்க வேண்டும். நீதிமன்றத்தில் வரக் கூடாது, உன் அலுவலகத்தில் வரக் கூடாது. படித்தபின் கிழித்துப் போடு.

எங்கள் அலுவலகம் மாடியில். எதிரே பஸ் நிறுத்தம். நிறுத்தத்துக்கு நேராக ஒரு ஜெராக்ஸ் கடை. கடையை நடத்துகிறவர் அந்தக் கண் போன மனிதரின் மனைவி. கணவர் வேலைக்குப் போக முடியாமல் ஆனபின் இந்த அம்மா அந்தக் கடையை எடுத்தார். வெல்டர் முதல் முறை எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று பஸ்ஸிலிருந்து அந்தக் கடை வாசலில்தான் இறங்கினார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகம் அவருக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்கு அவர் முகம் தெரியுமே!

மறுநாள் அந்த அம்மா மாடி ஏறி என்னிடம் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “ரெண்டு காப்பி கேட்டவருக்கு எழுபது காப்பி எடுத்துட்டேன் மேடம். தாள் தீர்ந்து மெஷின் நின்னப்புறம்தான் எனக்கே தெரியுது” என்றார். கையில் அந்தக் காகிதக் கட்டு. யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழ், எழுபது பிரதி. நான் பேச வாய் எடுத்தேன். அதற்குள், “ஒண்ணே ஒண்ணுதான். நான் பயப்படுறேன்னு அவனுக்குத் தெரியவே கூடாது. அது தெரிஞ்சா என்னால இங்க கடை வெச்சு உட்கார முடியாது” என்றார். வாக்குக் கொடுத்தேன்.

என் வழக்கம் உனக்குத் தெரியாது. நான் யாரைக் கண்காணித்தாலும் அவர்களைப் பற்றி எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுவேன். மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு வரி விடாமல். அவர்கள் அதை மறுக்கலாம், மறுத்தால் அதையும் எழுதிக்கொள்வேன். பலபேர் தங்களைப் பற்றி அப்படி ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து எழுதியதைக் கேட்பதே அதுதான் முதல் தடவை. வெல்டர் அந்தக் கோபப் பக்கத்தைக் கேட்டுவிட்டு, “இதை இன்னொரு தடவை படிங்க” என்றார். அப்படிப் படிக்கிற கோப்பில் அந்த அம்மாவின் பயத்தை நான் எப்படி எழுதுவது? எழுதிவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் படித்தால் நான் மற்றதெல்லாம் படித்ததற்கு என்ன மரியாதை?

அதனால் நான் பட்டறைக்குப் போனேன். காரணம் எழுதவில்லை. பொய்க் காரணம் எழுதத் தோன்றவில்லை. அவரிடம், “இனிமே நான் வர்றேன், நீங்க வர வேண்டாம்” என்று மட்டும் சொன்னேன். தன்னை நம்பாமல் வேவு பார்க்க வருகிறேன் என்று நினைத்து இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை அந்த மனுஷன். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ரொம்ப யோசிக்காதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி

•

ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உள்ளே இருந்ததைக் கிழிக்க முடியவில்லை.

அந்தக் கட்டத்தை எழுதியபோது ஒரு கதவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணை நினைத்துத்தான் எழுதினேன் என்றேன் அல்லவா? ஆறு வருஷமாக அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் அதே மாதிரி இன்னொரு பெண் இருக்கிறார். அவரை யாரோ உண்மையிலேயே காப்பாற்றியிருக்கிறார்கள், அதற்கு நான் முப்பத்தெட்டு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

போன வாரம் ஆவண அறைக்குப் போய் கடந்த இரண்டு வருஷத்துப் படிவங்களை இறக்கினேன். எல்லாக் கிளைகளும். மூவாயிரத்துச் சொச்சம். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை, நானே உட்கார்ந்து நான்கு நாள் பார்த்தேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. குறிப்பில் ‘வெளியில் சந்தித்தேன்’ என்று இருந்தவை முந்நூற்றுப் பத்து. அவற்றில் மேலே கட்டத்தில் ‘ஆம்’ என்று இருந்தவை முந்நூற்றாறு. ‘இல்லை’ என்று இருந்தவை நான்கு. அந்த நான்கும் உங்களுடையவை.

அண்ணி, நான் பொய்யைப் பிடிப்பதற்காகப் போட்ட கட்டத்தில், இத்தனை பேரில் உண்மை எழுதியவர் ஒருவர்தான். அவரைத்தான் பிடித்தேன். உங்களை எனக்குப் பதினேழு வருஷமாகத் தெரியும். அடுப்படியில் சத்தம் போடுகிறவராக, அண்ணனைக் கலாய்க்கிறவராக, என் ஸ்கேலைக் கிண்டல் செய்கிறவராகத் தெரியும். உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இதை நேரில் சொன்னால் ஏதாவது கேலி செய்து கெடுத்துவிடுவீர்கள், அதனால் எழுதிவிடுகிறேன்.

அந்த அம்மாவைப் பற்றி ஒரு எழுத்தும் வெளியே வராது. வாக்கு. அதனால் என் கையில் இருப்பது ஒரே வழி. ஆய்வு செய்தவர் தன் மதிப்பீட்டைத் தானே திரும்பப் பெறலாம், நாற்பது நாளுக்குள். நேற்று முப்பத்தொன்பதாவது நாள். திரும்பப் பெற்றுவிட்டேன். ஆனால் அதற்கான தாளில் ஒரு கேள்வி உண்டு: ‘கோப்பின் அதிகாரியை உமக்குத் தனிப்பட்ட முறையில் தெரியுமா?’ தெரியும், என் அண்ணன் மனைவி, கோப்பைப் பார்க்கும்போது தெரியாது, பிறகு தெரிந்தது, தெரிந்தபின் இருபது நாளுக்கு மேல் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதினேன். உறவு தெரிந்த அன்றே சொல்லாதவர் இந்தப் பிரிவில் இருக்க முடியாது. பிரிவுத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஜூனிலிருந்து ஒரு கிளையில் களப் பணி. எந்தக் கிளை என்று இன்னும் சொல்லவில்லை.

வருத்தப்படாதீர்கள். தாளில் கேட்டிருந்தது. வேறென்ன எழுதுவது?

மதிப்பீட்டைத் திரும்பப் பெற்றாலும் நீதிமன்றத்துக்குப் போன அறிக்கை போனதுதான். அதை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. அந்தக் கணக்கையும், கட்டத்தின் கேள்வி தவறு என்பதையும், எழுதியது நான்தான் என்பதையும் மூன்று பக்கத்தில் நீதிபதிக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். நீதிபதி கேட்டால் காரணத்தைச் சொல்வீர்களா மாட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் நாத்தனார்

•

ஏப்ரல் 26

என் அருமை நாத்தனாருக்கு,

பார், பட்டப்பெயர் போடவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேலி ஒன்றும் வாயில் வரவில்லை. உன் அண்ணன் முழுசாகப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொல்லைப் பக்கம் போய் ரொம்ப நேரம் துடைத்தார். பதவி போனதைப் பற்றி எனக்கு ஆறவில்லை. நீ வருத்தப்படாதே என்றால் நான் வருத்தப்படாமல் இருந்துவிடுவேனா? உனக்கென்ன பைத்தியமா என்று கத்த வேண்டும் போலவும் இருக்கிறது, உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது. கடிதத்தில் இரண்டும் முடியவில்லை. இந்தத் தடவை போனிலேயே சண்டை போட்டிருக்கலாம்.

விசாரணைக்கு வெல்டர் ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். இரண்டு சட்டை, ஒரு துண்டு, பல்பொடி. அப்படியே உள்ளே அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவர் மனைவியும் வந்திருந்தார். அந்தப் பையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நீதிபதி வயசானவர், மெதுவாகப் படிக்கிறவர். உன் மூன்று பக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். முந்நூற்றாறு வந்த இடத்தில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க மட்டும் ஏம்மா இல்லைன்னு எழுதினீங்க?”

“அவர் வரலைங்கய்யா.”

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா சிரித்துவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. “சரி. அவரை ஏன் வர வேண்டாம்னீங்க?”

“சொல்ல முடியாதுங்கய்யா. வேற ஒருத்தர் சம்பந்தப்பட்டது. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“நான் கேட்டாலுமா?”

“நீங்க கேட்டாலும்தாங்கய்யா. அதுக்கு எனக்கு என்ன தண்டனையோ குடுங்க. அவருக்கு வேண்டாம்.”

நீதிபதி வெல்டர் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமாப்பா, இவங்க ஏன் உன்னைத் தேடி வந்தாங்கன்னு?”

“தெரியாதுங்க. மொதல்ல என்னை நம்பலைன்னு நெனச்சேன். அப்புறம் என்னைப் பத்தி எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க. நம்பாதவங்க அப்படிப் படிக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் நான் கேட்கலைங்க.”

நீதிபதி பேனாவை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. கடைசியில், கண்காணிப்பு அப்படியே தொடரட்டும், எங்கே சந்திப்பது என்பது அதிகாரியின் முடிவு, காரணம் எழுத வேண்டியதில்லை என்று உத்தரவு போட்டார். போட்டுவிட்டு, “இந்தக் கடிதம் எழுதினவங்க எந்த ஆபீஸ்ல இருக்காங்க? அவங்களை மாதிரி நாலு பேர் எனக்கு வேணும்” என்றார். அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே. வெல்டர் மனைவி வெளியே வந்ததும் அந்தத் துணிப்பையை அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். அவரைப் பிடிக்க வெல்டர் ஓடத்தான் வேண்டியிருந்தது.

நேற்று சாயங்காலம் அலுவலகம் விட்டு இறங்கினேன். ஜெராக்ஸ் கடை அம்மா கூப்பிட்டார். கடையில் வேறு யாரும் இல்லை.

“மேடம், அந்த ஆளு இந்தப் பக்கமே வர்றதில்லையே. திரும்ப உள்ள போட்டுட்டாங்களா?”

“இல்லம்மா. வெளியிலதான் இருக்காரு. வேலைக்குப் போறாரு. நான் அங்க போய்ப் பாக்குறேன்.”

“நான் அன்னைக்குச் சொன்னதுக்கா?”

“ஆமா.”

“இத்தனை மாசமாவா? பஸ் ஏறிப் போயா?” என்றார். நான் தலையாட்டினேன். “அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“யாரும் கேட்கலையா?”

“கோர்ட்டுல கேட்டாங்க. சொல்லலை.”

அந்த அம்மா மெஷின் மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்து முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அதெல்லாம் இல்ல. ஆனா செவ்வாய்க்கிழமை காலைல நான் எங்க வீட்டுக்காரரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். பதினொரு மணி வரைக்கும் கடை தெறக்க மாட்டேன். அந்த நேரத்துல வேணா அவனை வரச் சொல்லுங்க. எத்தனை நாளுதான் நீங்களும் அலைவீங்க?” அப்புறம், “நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொல்லி வெல்டரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அண்ணி